காட்சிக்கு வைத்த ஆம்ப்ளிஃபயரை வாங்கலாமா?

வணக்கம் சகோதரரே. ஈப்போ கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் ஜோடியும் 30 விழுக்காடு குறைவாகக் கிடைக்கின்றன, புது மாடல் வரும்வரை பொறுக்கலாமா என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பீக்கருக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்தத் தொழில்நுட்பம் மெல்லத்தான் நகர்கிறது. கடையில் மாதக்கணக்கில் பாடியதால் மட்டும் அது கெட்டுவிடாது. ஆனால் கீச்சொலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை யாராவது விரலால் அமுக்கிக் குழியாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள் (சிறுவர்களுக்கு அதில் அப்படி என்ன ஆசையோ!). கூம்பைச் சுற்றிய விளிம்பு ரப்பராக இருந்தால் நல்லது; நம் ஊர் ஈரக்காற்றில் ஃபோம் காலப்போக்கில் பொடியாக உதிரும்.

யோசிக்க வேண்டியது ஆம்ப்ளிஃபயரைத்தான். ஒலியைப் பெருக்குவது மட்டுமே அதன் வேலை என்றால் பழைய மாடலே போதும். இணையம் வழி பாட்டுக் கேட்கும் வசதியும் உள்ளே இருந்தால் கதை வேறு: நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்தினால் அந்த வசதி மெல்லச் செயலிழக்கும். மேலும், நாள் முழுவதும் சூடாகவே இருந்த பெட்டி அது. உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களுக்குச் சூடு ஆகாது. ஆகவே, உத்தரவாதம் நீங்கள் வாங்கும் நாளில் தொடங்குகிறது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மறுத்தால், இன்னும் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ரிமோட்டையும் கேட்டு வாங்குங்கள்.

மிச்சமாகும் ரிங்கிட்டில் மின்னெழுச்சித் தடுப்பான் (திடீரென மின்னழுத்தம் எகிறினால் கருவியைக் காப்பது) உள்ள பிளக் பலகை ஒன்று வாங்குங்கள். ஆனாலும் இடிமழை வரும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.