வெளிவகுப்பில் செயலி வந்ததும் பிள்ளைகள் செடியைப் பார்ப்பதில்லையா?

ஆசிரியரே, படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் செயலியைத் தடை செய்ய வேண்டாம், கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பிள்ளைகள் கையில் நோட்டும் பென்சிலும் மட்டும் இருக்கட்டும்.

படம் எடுத்துப் பெயர் வந்ததும் அடுத்த செடிக்கு ஓடுகிறார்கள், 'எங்களை யாரும் கேட்பதில்லை' என்று ஊர்ப் பெரியவர்களும் வருந்துகிறார்கள் என்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். உங்கள் பயிற்சித்தாளின் கேள்வியே 'இதன் பெயர் என்ன?' என்பதுதானே? பெயர் கிடைத்ததும் வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்த முறை ஒருவருக்கு ஒரே செடி கொடுங்கள். இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? ஓரம் பல் பல்லாக இருக்கிறதா? எந்தப் பூச்சி வந்து உட்காருகிறது? பார்த்து வரையட்டும். பிறகு ஒரு பெரியவரிடம் பெயரும் பயனும் கேட்கட்டும். அதற்கப்புறம்தான் செயலி. பெரியவர் ஒன்று சொல்லி, செயலி வேறொன்று சொன்னால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அந்த விவாதத்துக்காகவே ஒரு வகுப்பை ஒதுக்கலாம்.

பலன் இருக்கிறதா என்று தெரிய, போன் இல்லாமல் அதே செடியை வேறோர் இடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பூ இல்லாத இளஞ்செடிகளில் செயலி தவறிப் போவது சகஜம். அதை நம்பி எதையும் வாயில் வைக்கக் கூடாது.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் சாட்பாட் வகைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வகுப்பில் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது வேண்டும் என்கிறது யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளத்தின், செடிகளை அடையாளம் காட்டும் 'சீக்' செயலி போதும், அதற்குக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை.