மான்கறி இருக்கட்டும், கராஜைப் பூட்டுங்கள்

அம்மா, இரண்டு பக்கக் கடிதத்தில் முக்கால்வாசி, மான் வேட்டைக்குச் செம்புத் தோட்டா வாங்குவதா ஈயத் தோட்டா வாங்குவதா என்று உங்கள் மகனும் வீட்டுக்காரரும் போடும் சண்டைதான். கடைசியில், போகிற போக்கில், மூன்று வயதுப் பேரனைப் பற்றி நான்கு வரி. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். மூன்று நாளுக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போகிறான். தோட்டத்து மண்ணை அள்ளித் தின்கிறான். தாத்தா கராஜில் தூண்டிலில் கட்டும் ஈயக்கட்டி வார்க்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். எனக்கு அந்த நான்கு வரிதான் கடிதம். அவன் உடம்பில் ஈயம் ஏறியிருக்கலாம்.

இந்த வாரமே அவனை மருத்துவரிடம் கூட்டிப்போய், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுப்பது போதாது. விரலில் ஒட்டியிருக்கும் ஈயத் தூசியும் கலந்து கணக்கு தப்பும். கை நரம்பிலிருந்து எடுக்க வேண்டும். அதோடு ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்க்கட்டும். இரும்பு குறைந்தால் பிள்ளைகள் மண் தின்பார்கள். இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தையும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். ஒன்று மற்றொன்றை வளர்த்துவிடும். பயப்பட வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன்: வயிற்று வலியோடு விடாத வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், நடையில் தள்ளாட்டம், வலிப்பு. இதில் எது வந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காதீர்கள், என் பதிலுக்கும் காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

“நாற்பது வருஷமாக உருக்குகிறேன், எனக்கு என்ன ஆயிற்று?” என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறாராம். அவருக்கு என்ன ஆயிற்று என்று அவருடைய ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்தால்தான் சொல்ல முடியும். அது அப்புறம். பெரியவர் வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு போல உடம்பில் ஏறும். சின்னப் பிள்ளைக்குப் பாதி வரை ஏறும். அவர் மூளை வளர்ந்து முடிந்தது, இவனுடையது இப்போதுதான் வளர்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகும். சட்டியின் மேலே மிதக்கும் கசடை வழிக்கும்போது எழும் தூசி மேசையிலும் தரையிலும் அவர் சட்டையிலும் படியும். பேரன் அந்தத் தரையில் தவழ்ந்துவிட்டு விரலைச் சூப்புவான். பழைய கார்ச் சக்கரத்து ஈயக்கட்டிகளை உருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய பேட்டரி உருக்குவது இதைவிட மோசம், அதையும் அவர் தொடக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் வரும்போது தூண்டில்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மீன்பிடிப்பை விடச் சொல்லவில்லை, கடையில் வாங்கச் சொல்கிறேன். கராஜை மூடுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசி பறக்கும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். உருக்கிய சட்டி மறுபடியும் சமையலறைக்கு வரக் கூடாது.

இனி மான்கறி. நீங்கள் உண்மையில் கேட்பது வயிற்றுப் பிள்ளைக்காரியான மருமகளுக்கு விஷத்தை ஊட்டிவிட்டோமா என்பதுதான். நாலைந்து தடவை இம்பாலா மான்கறி சாப்பிட்டதில் குழந்தைக்குக் கெடுதல் வந்தே தீரும் என்பதில்லை. 2008 இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் 738 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். வேட்டைக்கறி சாப்பிடுகிறவர்களுக்குச் சராசரியாக டெசிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம்தான் கூடுதலாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்ன அளவு 5. ஆனாலும் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே அதற்குக் கிடையாது. அதனால் பிள்ளை பிறக்கும்வரை ஈயத் தோட்டாவில் சுட்ட கறி அவளுக்கும் பேரனுக்கும் வேண்டாம். அவளுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரையை அவள் ஒழுங்காகப் போடட்டும். தாயின் எலும்பில் பழைய ஈயம் இருந்தால் கர்ப்பத்தில் அது கால்சியத்தோடு சேர்ந்து வெளியே வரும். கறியைவிட எனக்கு வேறொரு கேள்வி: மாமனாரின் கராஜ் உடுப்பை யார் துவைக்கிறார்கள்? அவளாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அவள் வாயில் இரும்புச் சுவை தெரிகிறதாம். கர்ப்பத்தில் பல பெண்களுக்கு அப்படித்தான். நகத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்றுமே இல்லை. விட்டுத்தள்ளுங்கள்.

தோட்டா விஷயத்தில், செம்பே வாங்கலாம் என்று மகன் சொல்வதுதான் சரி. மெல்லிய முனை கொண்ட ஈயத் தோட்டா எலும்பில் பட்டதும் சிதறும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சகஜம். எக்ஸ்ரேயில் பார்த்தால் காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் மாவு தூவியதுபோல் துகள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, பல்லில் படாது. கழுவினால் போகாது, இன்னும் பரவும். காயத்தைச் சுற்றி வெட்டியெடுத்த துண்டுகளைத்தான் வழக்கமாகக் கொத்துக்கறிக்குப் போடுவார்கள், அதுதான் மோசம். பில்டாங் என்ற உலர்ந்த கறிக்கு வினிகர், குழம்புக்குப் புளி என்று புளிப்புச் சேர்ந்தால் ஈயம் இன்னும் கரையும். செம்புத் தோட்டா விரியுமே தவிர அவ்வளவாகச் சிதறாது, கிட்டத்தட்ட முழு எடையோடு நிற்கும். அதே எடையில் நீளம் கூடுதல் என்பதால் துப்பாக்கியைப் புதிதாகக் குறி பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதைத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் கேட்கட்டும், நான் சுடத் தெரிந்தவன் அல்ல.

“செம்பு உடம்பில் ஏறி ஈரலை அரிக்கும்” என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நானும் பார்த்தேன். அதை அனுப்பியவர் வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர் குடிப்பார் என்று நினைக்கிறேன். செம்பு உடம்புக்கு வேண்டிய சத்து. மிஞ்சியதை ஈரலே பித்தத்தில் வெளியே தள்ளிவிடும். வில்சன் நோய் என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் அது சேரும். உங்கள் குடும்பத்தில் அது இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. “பாட்டி ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்தாள்” என்பது வீட்டுக்காரரின் வாதம். அது வெள்ளீயம் ஐயா, வேறு உலோகம். நீங்கள் கராஜில் உருக்குவது காரீயம்.

புரட்டாசி விரதத்தில் ஒரு மாதம் கறி இல்லை, உடம்பு தானே சுத்தமாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே ஒரு மாதம் போல ஆகும். எலும்பில் புகுந்தது பல வருஷம் இருக்கும். கராஜ் திறந்திருந்தால் ரத்தத்தில் இருப்பதும் குறையாது.

பேரனுக்கு இணையத்தில் வாங்கிய ‘நச்சு நீக்கும்’ சொட்டு மருந்து கொடுப்பதாகப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இன்றே நிறுத்துங்கள். ஈயத்தை வெளியேற்றும் மருந்து உண்டு. பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் போனால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுப்போம், அதிலும் கவனமாக. தவறான மருந்து ரத்தத்தில் கால்சியத்தை இறக்கி உயிருக்கே உலை வைக்கும். ஊரிலிருந்து வரவழைத்த பற்பமும் வேண்டாம், சிலவற்றில் ஈயமே இருக்கும். கொத்தமல்லிச் சாறு கெடுதல் செய்யாது, நல்லதும் செய்யாது, ரசத்தில் போடுங்கள். முடியை அனுப்பிப் பார்க்கும் பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

முடிவு வந்ததும் எண்ணோடு எழுதுங்கள். வீட்டுக்காரருடைய ரத்தத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பரிசோதனை என்றால் வர மாட்டார். பேரன் ஊசிக்கு அழுவான், மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.