அடுப்பு எரியாத நாட்களில் என்ன சாப்பிடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். எடைக் குறைப்பும் முடி கொட்டுவதும் பின்னுக்குப் போய், "தண்ணீர் சூழ்ந்துவிட்டால் என்ன சாப்பிடுவது?" என்பது முன்னுக்கு வரும். இந்த ஆண்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

2015-லும் 2023-லும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. நாங்கள் நாலு பேர். மூன்று நாளைக்கு என்ன வாங்கி வைக்கலாம்? கேஸ் அடுப்பும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். (வாசகி, முடிச்சூர்)

முதலில் தண்ணீர். குடிக்க, வாய் கொப்பளிக்க, அவல் நனைக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு வையுங்கள். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இரண்டு கேனும் எட்டு பாட்டிலும் போதும்.

அப்புறம் சாப்பாடு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் அவல், 100 கிராம் வறுத்த வேர்க்கடலை, 100 கிராம் வெல்லம். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 1,800 கலோரி. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது தாராளம். உங்கள் வீட்டுக்கு 3 கிலோ அவல், ஒன்றேகால் கிலோ கடலை, அதே அளவு வெல்லம் வேண்டும். மெல்லிய அவலாக வாங்குங்கள். பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும், கெட்டி அவலுக்கு நேரமாகும். நூடுல்ஸ் பாக்கெட்டைப் பலரும் அடுக்கி வைக்கிறார்கள். வெந்நீர் இல்லாத வீட்டில் அதனால் பயனில்லை, உப்பு வேறு அதிகம்.

எல்லாவற்றையும் மூடி இறுகும் டப்பாவில் போட்டுப் பரணில் வையுங்கள். சமையல் மேடைக்குக் கீழே இருக்கிற அலமாரிதான் முதலில் முழுகும்.

2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில் மாதிரி எங்காவது மாட்டிக்கொண்டால்? என் பையில் எப்போதும் மிக்சரும் முறுக்கும் இருக்கும், தண்ணீர்தான் ஒரு பாட்டில். (வாசகர், தூத்துக்குடி)

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அந்த ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு நாள் தவித்தார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தண்ணீர் குறைவாக இருந்தால் மிக்சரைத் தொடாதீர்கள். உப்பையும் புரதத்தின் கழிவான யூரியாவையும் சிறுநீரில் வெளியேற்ற உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். கருவாடு, சிப்ஸ், வறுத்த கறி எல்லாம் இதே கணக்கில் வரும். வாழைப்பழம், ரஸ்க், வெல்லம் பரவாயில்லை. குடிக்கத் தண்ணீரே இல்லையென்றால் எதையும் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கினார்கள். ஜூலை 2 அன்று கண்டுபிடிக்கப்படும்வரை கையில் சாப்பாடு கிடையாது. குகைச் சுவரில் சொட்டிய நீரைக் குடித்து, அசையாமல் உட்கார்ந்து பலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் இருந்தால் ஆரோக்கியமான உடம்பு பசியை வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாண்டுவதே பெரும்பாடு.

இன்னொன்று. வெளியே மழை கொட்டும்போதுதான் குடிநீருக்குத் தவிக்கிறோம்! சுத்தமான பாத்திரத்தைத் திறந்தவெளியில் நேராக மழைக்குக் காட்டிப் பிடியுங்கள். தெருவில் ஓடும் தண்ணீரைவிட அது எவ்வளவோ மேல். கொதிக்க வைக்க வழி இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

அப்படிப் பட்டினி கிடந்தவர் வெளியே வந்ததும் வயிறு நிறையச் சாப்பிடலாமா? (அதே வாசகர்)

கூடாது. ஐந்தாறு நாள் ஒன்றும் உண்ணாதவருக்குத் திடீரென்று பிரியாணி போட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அந்தத் தாய்லாந்துப் பிள்ளைகள் துளசி போட்டு வறுத்த இறைச்சியும் சோறும் கேட்டார்களாம். கிடைத்தது கஞ்சிதான்.

மலையேற்றம் போவேன். வழி தவறினால் எந்த இலை, காய், காளானைச் சாப்பிடலாம்? குரங்கு தின்பதை மனிதனும் தின்னலாம் என்கிறார்களே? (வாசகர், கோவை)

எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று பழமொழி இருக்கிறது. அந்த எட்டிப் பழத்தின் சதையைக் குரங்கும் தின்னும், இருவாச்சிப் பறவையும் தின்னும். உள்ளே இருக்கும் விதையில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு. குரங்கை நம்பி நாம் அதைக் கடித்தால் கதை முடிந்தது.

கிழங்கில் இன்னும் ஆபத்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. மூலனூர்ப் பக்கம் மருந்துக்காக, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். தோண்டிப் பார்த்தால் ஏதோ வள்ளிக்கிழங்கு போலத்தான் இருக்கும். அதில் உள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், அதன் பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகப் படுக்கும். பழனி மலையின் பழங்குடிகளான பளியர்கள் காட்டு வள்ளியைத் தோண்டி உண்கிறார்கள் என்றால், எந்தக் கொடி, எந்த இலை என்று நடக்கப் பழகிய வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இரண்டு வீடியோ பார்த்துவிட்டு அந்த அறிவு நமக்கு வராது.

காளான் பக்கமே போகாதீர்கள். கொல்லும் காளான் ருசியாகவே இருக்குமாம். ஆறு மணி நேரம், சில சமயம் அரை நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் கல்லீரலுக்குச் சேதம் தொடங்கியிருக்கும்.

வழி தவறியவர்களைப் பெரும்பாலும் ஓரிரு நாளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் பசி உங்களைக் கொல்லாது, தெரியாத காய் கொல்லும். பையில் நாலு கடலை மிட்டாய் போட்டுக்கொள்ளுங்கள், வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள், தொலைந்தால் ஒரே இடத்தில் உட்காருங்கள்.

ஊருக்குள் என்றால் வேறு கதை. 2018-ல் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமில் சில நாள் இருந்தேன். விழுந்து கிடந்த தென்னைகளிலிருந்து குருத்தை வெட்டி எடுத்து, பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தார் ஒரு பெரியவர். இருபது வருஷம் வளர்த்த மரம். பிள்ளைகள் இனிக்கிறது என்றார்கள், அவர் ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இளநீர், தேங்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை என்று நமக்குத் தெரிந்த உணவே புயலுக்குப் பிறகு தரையில் கிடக்கும். சாக்கடை கலந்த வெள்ளத்தில் நின்ற கீரையை மட்டும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமே? (வாசகி, கடலூர்)

முகாம்களில் நான் அதிகம் பயப்படுவது சர்க்கரை கூடுவதற்கு அல்ல, இறங்குவதற்கு. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் அவலோ ரொட்டியோ. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

எந்த மாத்திரையை நிறுத்தலாம், இன்சுலினை எவ்வளவு குறைக்கலாம் என்று இப்போதே, வானம் தெளிவாக இருக்கும்போதே, அம்மாவின் மருத்துவரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி மாத்திரை டப்பாவுக்குள் வையுங்கள். சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை என்றால், சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது.

கரண்ட் பற்றிக் கவலை வேண்டாம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 டிகிரிக்குள் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும், அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை ஒருமுறை பாருங்கள். கார்த்திகை மழையில் வீட்டுக்குள் அவ்வளவு சூடு இருக்காது. வெயில் காலத்தில் என்றால் பழைய வழிதான். பெரிய மண்சட்டியில் ஈர மணல், நடுவே சின்னச் சட்டி, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலின், மேலே ஈரத்துணி. ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

கைக்குழந்தை இருக்கிறது. பயத்தில் தாய்ப்பால் வற்றிவிடும், பால் பவுடர் வாங்கி வை என்கிறார் மாமியார். (வாசகி, நாகை)

பயத்தில் பால் வற்றாது. இறங்குவது கொஞ்ச நேரம் தடைப்படும், அவ்வளவுதான். குழந்தையை அடிக்கடி போடுங்கள், சரியாகிவிடும். நல்ல தண்ணீரும் கொதிக்க வைத்த பாட்டிலும் இல்லாத இடத்தில் பால் பவுடர் பேதியைத்தான் கொண்டுவரும். நிவாரணத்துக்கு என்று பவுடர் டப்பாக்களை அள்ளிக் கொடுப்பவர்களுக்கும் இதையே சொல்லுவேன். தாய்க்கு நன்றாகச் சாப்பாடு கொடுங்கள், வீட்டில் முதல் பங்கு அவருக்கு. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

முகாமில் மூன்று வேளையும் எலுமிச்சை சாதம், தக்காளி சாதம்தான். குறை சொன்னால் "கிடைப்பதே பெரிது" என்கிறார்கள். (வாசகர், சென்னை)

நீங்கள் கேட்டது நியாயம். இந்த வாக்குவாதம் நம் ஊரில் பழையது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ல், நிவாரண வேலை செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் சொற்பக் காசும் போதும் என்றார் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட ஆங்கிலேய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது போதாது, பருப்பும் வேண்டும் என்று எதிர்த்தார். இன்று நிவாரண அமைப்புகள் தலைக்கு 2,100 கலோரியை அளவாக வைத்திருக்கின்றன, அதில் புரதமும் கணக்கு உண்டு. வெறும் சாதத்தில் இரண்டு நாள் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் சுண்டல், முட்டை, வேர்க்கடலை கேளுங்கள். மூன்றும் மலிவு, மூன்றையும் அண்டாவில் வேகவைத்துவிடலாம்.

ஃப்ரிட்ஜில் உள்ளதை என்ன செய்வது? (வாசகி, வேளச்சேரி)

திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிரம்பியது ஒரு நாள். புயல் எச்சரிக்கை வந்ததுமே மீன், கறியைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். வெளியே கிடந்த சோற்றைச் சுட வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. அதில் ஊறும் ஒரு வகை நச்சு சூட்டுக்கு அசையாது.

வெள்ளத்தில் நனைந்த அரிசி மூட்டையைக் காய வைத்து இட்லிக்கு ஆட்டலாமா? (வாசகி, மயிலாடுதுறை)

வேண்டாம். பூஞ்சை பிடித்திருந்தால் மாட்டுக்கும் வைக்காதீர்கள், பூஞ்சையின் நஞ்சு பாலில் இறங்கிவிடும்.