சுருங்கிய நுரையீரலில் இரத்தக் குழாய்கள் ஏன் இறுகுகின்றன?

வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் உங்கள் அம்மாவின் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி காற்றிழந்து சுருங்கியும், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு ஏன் பெரிதாகச் சரியவில்லை என்று மும்பை மாட்டுங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பிற உறுப்புகளில் ஆக்சிஜன் குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலின் சிறு தமனிகளோ நேர்மாறாக இறுகும். பூனைகளில் இதை ஸ்வீடன் ஆய்வாளர்களான ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946-இல் விவரித்தார்கள். தமனிச் சுவரின் தசைச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வழிகள் அடைபட, கால்சியம் உள்ளே புகுந்து தசையைச் சுருக்குகிறது. வழக்கமாக இதைத் தூண்டுவது காற்றறைகளிலுள்ள ஆக்சிஜனின் குறைவு. முழுதும் சுருங்கிய பகுதியில் காற்றே இல்லாததால், உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில் எஞ்சிய, சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தமே கொண்ட ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்கிறது. மழையில் உங்கள் மும்பையின் தாழ்வான ஹிந்த்மாதா பகுதி மூழ்கினால் வண்டிகள் வேறு சாலைக்குத் திருப்பப்படுவதுபோல, இரத்தமும் காற்றோட்டமுள்ள பகுதிகளுக்குத் திரும்புகிறது. அதனால்தான் கருவி காட்டும் அளவு பெரிதாகச் சரியவில்லை. இந்த உவமை ஓரளவுக்கே பொருந்தும். ஏனெனில் இங்கே சாலை முழுதாக மூடப்படுவதில்லை. சிறிது இரத்தம் ஆக்சிஜன் பெறாமலே சுருங்கிய பகுதியைக் கடந்துவிடுவதால், முகமூடி வழியாகத் தரும் ஆக்சிஜன் அந்தக் குறையை முழுதும் ஈடுகட்டாது.

முகர்ந்து பெறும் மயக்க மருந்துகளும் நைட்ரோகிளிசரினும் இந்த இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியவை. மூச்சுப் பயிற்சியால் அப்பகுதி மீண்டும் விரிந்து காற்று புகுந்ததும், தமனிகள் தாமாகவே தளர்ந்து இரத்தத்தை அனுமதிக்கும். ஆகவே, வலிக்கிறது என்று அம்மா முகம் சுளித்தாலும், மருத்துவர் சொன்ன பயிற்சியைக் கைவிட வேண்டாம்.