நர்சிங் படிப்புக்கு நகைக்கடனா, கல்விக்கடனா?

கேள்வி: திருச்செங்கோட்டில் விசைத்தறி ஓட்டுகிறேன். மாத வருமானம் 22,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த என் மகளுக்குக் கலந்தாய்வு மூலம் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு ஆண்டுக்கு 1 லட்சம் ஆகும். வங்கிக்கு அலையாமல் மனைவியின் நகையை அடகு வைத்துவிடு என்கிறார் என் அண்ணன். என்ன செய்யலாம்?

பதில்: நகையைத் தொடாதீர்கள். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கெடு உள்ளது. இந்தப் படிப்போ நான்கு ஆண்டு. ஆண்டுதோறும் மீட்டு மறுபடி வைக்க வேண்டும். தவறினால் ஏலம். கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள். பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். விடுதி, சீருடை, புத்தகச் செலவையும் சேர்த்தே கேட்கலாம்.

தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் வாங்கி, ஐந்தாண்டு எதுவுமே கட்டாவிட்டால் வட்டி மட்டும் 1.40 லட்சம் சேரும். மொத்தம் 5.40 லட்சத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் வேண்டும். புதிதாகச் சேரும் செவிலியருக்கு 15,000 ரூபாய் அளவில் சம்பளம் தரும் தனியார் மருத்துவமனைகள் இன்றும் உண்டு. உயிர் காக்கும் வேலைக்கு இது அநியாயம். ஆனாலும் அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் நாம் கணக்குப் போட வேண்டும். வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் தவணை சுமார் 5,290 ரூபாயோடு நிற்கும். அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

முதலாண்டு வட்டி மாதம் சுமார் 830 ரூபாய்தான். மகள் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை அப்படியே வட்டிக்குத் திருப்பிவிடுங்கள். நான்காம் ஆண்டில் வட்டி 3,330 ரூபாயைத் தொடும். அப்போது பாதியாவது கட்டுங்கள்.

ஜெர்மனி, வளைகுடா வேலை என்று இப்போதே முன்பணம் கேட்கும் முகவர் எவருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

சேர்க்கை ஆணையோடு நான்காண்டுக் கட்டண விவரத்தையும் கல்லூரியில் எழுதி வாங்கி, வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். நான்காண்டுக்குமான தொகையை முதலிலேயே ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.