மஞ்சூர் வீட்டுக்கு 3,20,000 ரூபாயில் சோலார்: போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து, 60 வயதில் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 6 லட்சம் கையில் இருக்கிறது. கடன் இல்லை. வீட்டில் நான்கு பேர். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், 1,200 ரூபாய்க்குள் வரும். உறைபனி மாதங்களில் கீசர், ரூம் ஹீட்டர் என்று 550 யூனிட் ஆகி 2,450 ரூபாய் வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் இரண்டு மூன்று நாள் இருட்டுதான். 5 கிலோவாட் சோலாருக்கு 3,20,000 ரூபாய் சொல்கிறார்கள், இனி பில்லே வராதாம். பருவநிலை மாறுகிறது, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று மகளும் சொல்கிறாள். ஆனால் எங்களைச் சுற்றி அணைகள்தானே? இங்கே வருவது தண்ணீர் கரன்ட்தானே, அப்புறம் சோலார் எதற்கு? மிச்சப் பணத்தை கிரீன் எனர்ஜி ஷேர்களில் போடச் சொல்கிறான் அக்கா மகன். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம். முதலில் உங்கள் பில்லைப் பார்ப்போம். வருடத்துக்கு நீங்கள் கட்டுவது மொத்தமே 9,700 ரூபாய் அளவுதான். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் சில காலமாக வட்டி 8.2 சதவீதம். அதில் 1,20,000 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 9,840 ரூபாய் வருகிறது. அந்த வட்டியே பில்லைக் கட்டிவிடும், முதலும் அப்படியே இருக்கும். இதற்குப் போய் 3,20,000 ரூபாயைக் கூரையில் ஏற்றுவது கணக்குக்கு ஒத்து வராது. மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் மானியமும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். உங்கள் வீட்டுக்கு 5 கிலோவாட் வேண்டும் என்று சொன்னவர் உங்கள் பில்லைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்தக் குளிர்கால பில்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாத வரை 101 முதல் 200 வரையான யூனிட்டுகள் பாதி விலையில் கிடைக்கின்றன. 501 ஆனதும் அந்தச் சலுகை போய்விடும், மேலே போகும் யூனிட்டுக்கும் விலை ஏறும். 500 யூனிட்டுக்கு 1,800 ரூபாய் சொச்சம், 550க்கு 2,450. அதாவது கடைசி 50 யூனிட் ஒவ்வொன்றும் உங்களுக்கு 13 ரூபாய் விழுகிறது.

அந்த 50 யூனிட்டைக் குறைக்க சோலார் வேண்டாம். 2,000 வாட் ரூம் ஹீட்டர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அறையைச் சூடாக்குவதற்குப் பதில் படுக்கையைச் சூடாக்குங்கள். மெத்தை மேல் விரிக்கும் எலக்ட்ரிக் பிளாங்கெட் 100 வாட் அளவுதான் எடுக்கும். இரவு முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. ஊட்டியில் கம்பளிக் கடைகளிலேயே கிடைக்கிறது, சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். இந்த ஒரு மாற்றத்திலேயே நீங்கள் 490க்கு வந்துவிடுவீர்கள், பில் 700 ரூபாய் குறையும்.

குளியலும் ஒரு பெரிய செலவுதான். சமவெளியில் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி இருக்கும்; உங்கள் ஊரில் ஜனவரியில் 10 டிகிரி. 20 லிட்டர் வாளியை 42 டிகிரிக்குக் கொண்டுவர அங்கே மூன்றில் ஒரு யூனிட், உங்களுக்கு முக்கால் யூனிட். சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமே என்று தோன்றும். நானும் குன்னூர் வீட்டில் ஒன்று போட்டேன். உறைபனியைத் தாங்குமா என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் ஜனவரியிலேயே ஒரு விடியற்காலை குழாய் வெடித்து கூரையெல்லாம் தண்ணீர். உறைபனிக்கென்றே தனி அமைப்பு உள்ளவை உண்டு, அது இல்லாமல் வாங்காதீர்கள். அதற்காக பழையபடி சீகை விறகு பாய்லருக்கும் போக வேண்டாம், வீட்டில் இருப்பவர்களின் நுரையீரலுக்கு அந்தப் புகை ஆகாது.

இருட்டுப் பிரச்சினைக்கு வருவோம். மானியத்தில் போடும் சோலார் வாரியத்தின் லைனோடு இணைந்தது. லைனில் கரன்ட் போனால் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் 5 கிலோவாட் பேனலும் உங்களுக்கு ஒரு பல்பைக்கூட எரிக்காது. உங்களுக்கு வேண்டியது 150 ஏ.எச். பேட்டரியோடு ஒரு சாதாரண இன்வெர்ட்டர். 25,000 ரூபாய் ஒதுக்குங்கள். நாலு லைட், போன் சார்ஜர், டிவி தாங்கும். கீசரைத் தவறியும் அதில் மாட்ட வேண்டாம்.

தண்ணீர் கரன்ட் பற்றிக் கேட்டீர்களே, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பைக்காராவில் 1932இலேயே மின்சாரம் எடுத்த மாவட்டம் உங்களுடையது. ஆனால் பக்கத்துக் குந்தா அணைகளில் எடுக்கும் கரன்ட் மஞ்சூருக்கென்று தனியாக வருவதில்லை. எல்லாம் ஒரே வலைப்பின்னலில் கலக்கிறது, அதில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அணைத் தண்ணீரின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது: வேண்டும்போது மதகைத் திறக்கலாம். சாயங்காலம் ஊரெல்லாம் லைட் போடும் நேரத்தில் சூரியன் இருக்காது, தண்ணீர் இருக்கும். குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் கட்டுவது இதற்காகத்தான். கரன்ட் மிச்சமிருக்கும் நேரத்தில் அவலாஞ்சி-எமரால்டு அணைத் தண்ணீரை மேலே போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, தட்டுப்பாடான நேரத்தில் இறக்குவார்கள். பகலில் உங்கள் கூரை கொடுக்கும் கரன்ட்டும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே அணை இருக்கிறது, சோலார் எதற்கு என்பது சரியில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

அதனால் மகள் சொல்வதைத் தள்ள வேண்டாம், ஆனால் 2 கிலோவாட் போதும். 1,40,000 ரூபாயை ஒட்டி ஆகும். முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். 60,000 ரூபாய் மானியம் பிறகு கணக்கில் வரும். குளிர் பேனலுக்கு நல்லது, வெயில் சூட்டில்தான் அது சோர்ந்துபோகும். உங்கள் ஊரில் எதிரி ஜூன் முதல் வரும் மூடுபனிதான். அதையும் கழித்து வருடத்துக்கு 2,000 யூனிட் வந்தால், ஏறக்குறைய 1.4 டன் கரியமில வாயு மிச்சம். பணக் கணக்கில் போட்ட காசு திரும்ப பத்து வருடம் ஆகும். லாபத்துக்கு என்று நினைத்துப் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். மகளின் பேச்சுக்காகப் போடுகிறோம், நஷ்டமும் இல்லை என்று நினைத்தால் நிம்மதியாகப் போடலாம்.

மீதியில் 3 லட்சத்தை சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் வரும். 1,25,000 ரூபாயை உடனே எடுக்கக்கூடிய வங்கி டெபாசிட்டில் வையுங்கள். மண்சரிவும் ஆஸ்பத்திரியும் சொல்லிவிட்டு வருவதில்லை. ஷேர் யோசனை அக்கா மகனின் வயதுக்குச் சரி. ஓய்வுப் பணத்தை ஒரே துறையில் கொட்டுவதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சோலார் பார்க்கில் பங்கு, மாதாமாதம் நிச்சய வருமானம் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வேலை. இணைப்பு வீட்டுக் கட்டணத்தில்தான் இருக்கிறதா என்று பில்லில் பாருங்கள். கடைக் கட்டணம் என்றால் மானியம் கிடையாது. அப்புறம், ஒரு வாரம் காலை எத்தனை மணிக்குக் கூரையில் வெயில் விழுகிறது, எப்போது மலை நிழல் மறைக்கிறது என்று குறித்து வையுங்கள். பக்கத்தில் சில்வர் ஓக் நிழல் விழுந்தால், நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தினம் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வெயில் வந்தால் எனக்கு எழுதுங்கள், அப்போது 1 கிலோவாட்டாவது தேவையா என்று பார்ப்போம்.