ஏலகிரி இறக்கத்தில் மெத்தென்று போன பிரேக்: விற்பதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசு எஸ்யூவி. நான்கு வருட வண்டி, 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு ஏலகிரியிலிருந்து இறங்கும்போது கருகல் வாடை வந்தது, பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. அடிவாரத்தில் ஆறியதும் சரியாகிவிட்டது. அதன்பின் பெங்களூர் ஹைவேயில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் 'நார்மல்' என்றார்கள், இப்போது நான்கு டிஸ்க்கும் மாற்றச் சொல்கிறார்கள். விற்றுவிடலாமா? (வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்)

பதில்: விற்க வேண்டாம். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலில் பெடல். மெத்தென்று உள்ளே போனது என்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. மெத்தென்று போனால், பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிதான். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரம் வரை போகாது. ஆறியதும் குமிழ்கள் மறைந்து பெடல் பழையபடி ஆகிவிடும். ஊருக்குள் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தவருக்கு 'நார்மல்' என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான். வேலூர் வெயில்மேல் பழி போட வேண்டாம். பிரேக்கில் ஏறும் சூட்டுக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

பழைய உரிமையாளர் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா? இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது பில்லே இல்லையென்றால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே ஊற்றச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலோடு சேர்ந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் உதறல். சூடான டிஸ்க்கோடு அடிவாரத்தில் பெடலை மிதித்தபடியோ, காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டிலோ நின்றிருந்தால், பேடின் பொருள் ஒரே இடத்தில் டிஸ்க்கில் படிந்துவிடும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லப்படுவதில் பல இப்படிப்பட்ட படிவுதான். வீல் நட்டுகளைச் சமமாக முறுக்காமல் விட்டாலும் உதறும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு தப்பியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், முன் இரண்டையும் ஜோடியாக. ஸ்டீயரிங்கில் உதறல் வந்தால் சந்தேகம் முன் டிஸ்க்மேல்தான், எனவே அளக்காமல் நான்கையும் மாற்ற ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஓட்டும் முறை. ஆட்களோடு சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும் வண்டி அது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரை டி-யில் (டிரைவ்) விட்டு இறங்கினால் மொத்தப் பாரமும் பிரேக்கில்தான் விழும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். மேனுவல் மோடில் இரண்டாம் கியரில் இறங்குங்கள். காலை பெடலிலேயே வைத்திருக்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள்.

ஆயில் மாற்றும் வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போகாதீர்கள். அதற்குள் எப்போதாவது பெடல் மறுபடி மெத்தென்று போனால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் பட்டனை விடாமல் இழுத்துப் பிடியுங்கள்.